துறைமுகம் என்கிற நாய்

உலகத்தில் இதுவரை பிறந்த நாய்களில் பாதி வெத்தூரியா அத்தையின் சோபாவில் தூங்கி எழுந்தவை. மீதிப் பாதி இடம் கிடைக்காமல் வெளியே வரிசையில் நிற்கின்றன. டான்யூப் ஆறு எங்கள் தெருவுக்குப் பின்னால் சட்டென்று வளைந்து போவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது பொய். அத்தை வீட்டு நாய்கள் குரைக்குமே என்று ஆறு பயந்து ஒதுங்கிப் போகிறது. ருமேனியா நாட்டில் அவளைப் போல ஒருத்தி இல்லை. இருந்தால் அவளையும் ஏதாவது ஒரு நாய் கண்டுபிடித்து அத்தையிடம் கூட்டிவந்து விட்டிருக்கும்.

உண்மையைச் சொல்வதென்றால், எந்த நேரத்திலும் அவளிடம் ஒரே ஒரு நாய்தான் இருக்கும். அதுவும் கிழடு.

வெத்தூரியா டிராம் ஓட்டுகிறவள். அகன்ற தோள், சிவப்புச் சாயம் பூசிய முடி, நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கரகரத்துப் போன குரல். நகராட்சி நாய்ப்பட்டியில் கெடு முடிந்தும் யாரும் எடுத்துப்போகாத நாயாகப் பார்த்துத்தான் அவள் கூட்டிவருவாள். குட்டிகளும் அழகானவைகளும் வேனில் ஏறி ஜெர்மனிக்குத் தத்துப் போய்விடும். கடைசிக் கூண்டில் மிஞ்சுவது அவளுக்கு.

பெயர் வைப்பதற்கு அவள் மூளையைக் கசக்குவதில்லை. தன் டிராம் நிற்கிற நிறுத்தங்களின் பெயரையே வரிசையாக வைத்துக்கொண்டு வந்தாள். முதலில் வந்தது சர்க்கரை ஆலை. பிறகு ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு கல்லறை, கடைசியாக நீதிமன்றம். அதனால் எங்கள் தெருவில் வெளியூர்க்காரர்கள் நடந்து போனால் மிரண்டு போவார்கள். "ஆஸ்பத்திரிக்கு வயிறு சரியில்ல", "கல்லறை ராத்திரியெல்லாம் குறட்டை", "நீதிமன்றம் என் செருப்பைத் தின்னுடுச்சு" என்றெல்லாம் வேலிக்கு மேலே பேச்சு நடக்கும்.

சர்க்கரை ஆலை வாழ்நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாய். கட்டை அவிழ்த்துவிட்ட பிறகும் அது முற்றத்தில் சங்கிலி நீளத்துக்கு வட்டமாகத்தான் நடந்தது. அந்த வட்டத்தில் புல்லே முளைக்கவில்லை. ஒரு நாள் காலையில் பனி விழுந்து தடம் மூடிப்போயிற்று. நாய் வெளியே வந்து தன் வட்டத்தைத் தேடியது. கிடைக்கவில்லை. ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு வேலி வரைக்கும் ஓடியது, திரும்பி ஓடியது, கிழட்டுக் கால்கள் நான்கு திசையிலும் வழுக்க, பைத்தியம் மாதிரி ஓடியது. அத்தை டிராம் சீருடையோடு பனியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அன்றைக்கு முதல் வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது.

சந்தோஷம் அந்த அளவு என்றால் மற்றதும் அந்த அளவுதான். ஆஸ்பத்திரி ஜனவரியில் செத்தது. மண் இரும்பாக இறுகிக் கிடந்தது, கடப்பாரை இறங்கவில்லை. பழைய மாலுமிக் கோட்டு ஒன்றில் சுற்றிக் கொட்டகையில் வைத்தாள். மண் இளகும்வரை தினமும் வேலைக்குப் போகும்போது கொட்டகைப் பக்கம் திரும்பி, "வர்றேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். சாயங்காலம் வந்ததும் "வந்துட்டேன்" என்பாள். எதிர்வீட்டு ஸ்மராந்தா அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

அந்த மாலுமிக் கோட்டு அத்தையின் புருஷன் நெகுலாயுடையது. கதை அங்கேதான் இருக்கிறது.

நெகுலாய் டான்யூபில் சரக்குப் படகு ஓட்டியவன். வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து நடந்து வரும்போது தெருமுனையில் ஒரு சீட்டி அடிப்பான். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, அந்த நீளமானது கடைசியில் வாத்து தண்ணீரில் இறங்குவது போல வழுக்கி இறங்கும். அதைக் கேட்டதும் அவனுடைய கறுப்பு நாய் உர்சு முற்றத்துத் தெருக்கதவைப் பிறாண்டும். அத்தை கதவைத் திறந்துவிடுவாள்.

அவன் மாரடைத்துச் செத்தான். எங்கள் ஊரில் பிணத்தைக் குழியில் இறக்கியதும் குழிக்கு மேலாக ஒரு உயிர்க்கோழியைக் கைமாற்றி ஏழை ஒருவருக்குக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் "அவருக்குச் சேரட்டும்" என்று சொல்லி வாங்க வேண்டும். அந்தக் கோழி அப்புறம் செத்தவருடையது. மறு உலகத்தில் அவருக்கு முன்னால் நடந்து வழி காட்டும். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் செத்தவர் அதைத் தேடிக்கொண்டு வருவார்.

அன்றைக்குக் கோழிக்குப் பதிலாக உர்சுவைக் கொடுத்தார்கள்.

யோசனை ஸ்மராந்தாவுடையது. பிணம் வீட்டில் கிடந்த நாளெல்லாம் நாய் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. "அந்த மனுசனுக்குக் கோழி என்னத்துக்கு, வெத்தூரியா? வாழ்நாள்ல ஒரு கோழிகிட்டயாவது பேசியிருப்பாரா? நாயைக் கொடு. அவருக்கும் துணை, இதுக்கும் நிம்மதி" என்றாள். அழுது அழுது தலை வீங்கியிருந்த அத்தை, சரி என்று கயிற்றைக் குழிக்கு மேலாக நீட்டிவிட்டாள். வாங்கியது வெட்டியான் பந்தேலே. "கோழின்னா சூப்பு வைப்பேன். இதை வச்சு நான் என்ன பண்றது?" என்று முணுமுணுத்தான். ஆனாலும் "அவருக்குச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாளே உர்சு கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது.

அத்தை கதவைத் திறக்கவில்லை. திறந்தால் கொடுத்ததைத் திரும்ப வாங்கினதாக ஆகிவிடும். நாய் கதவுக்கு வெளியே, வலப்பக்கத் தூணை ஒட்டி உட்கார்ந்தது. குரைக்கவில்லை. கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கு வழியாக மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அத்தை தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சீட்டி கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. மூச்சு சத்தம் நின்றது. அவள் கதவைத் திறந்தபோது தெருவில் நாயும் இல்லை, யாரும் இல்லை.

காலையில், துறைமுக நிறுத்தத்தில் ஒரு பெரிய கறுப்பு நாயை நகராட்சி நாய்பிடி வண்டி ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அத்தை நாய்ப்பட்டிக்கு ஓடினாள். அதை அடைத்ததாகக் காட்டிய கூண்டு காலியாக இருந்தது, தரை கழுவி ஈரமாக இருந்தது. அங்கே இருந்தது உர்சுதானா, நெகுலாய் அதற்கு முன்பே கூட்டிப்போய்விட்டானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்று வெறுங்கையோடு திரும்ப முடியாமல் பக்கத்துக் கூண்டில் இருந்ததைக் கூட்டிவந்தாள். அதுதான் சர்க்கரை ஆலை.

அதற்குப் பிறகு வந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பழக்கம் இருந்தது. வந்த முதல் சாயங்காலம் எந்த நாயானாலும் நேராகக் கதவுக்குப் போகும். வலப்பக்கத் தூணுக்கு உள்பக்கமாக உட்காரும். அடியிலிருக்கும் இடுக்கில் மூக்கை வைத்து, வெளியே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி மோந்து பார்க்கும். அப்புறம்தான் சோபாவைத் தேடும். சீட்டிச் சத்தமும் எப்போதாவது கேட்டதுண்டு. ஊரில் எது நடந்தாலும் பழி ஸ்மராந்தாவின் மகள் மேல்தான் விழும். நீரூற்றில் சோப்புத்தூள் போட்டதிலிருந்து எல்லாம் அவள்தானாம். அது அநியாயம் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கலாம்.

நீதிமன்றம் போன வசந்தத்துக்கு முன்னால் செத்தது. பிறகு அத்தை நாய்ப்பட்டிக்குப் போனபோது, காவலாளி கொஸ்தாக்கே வாசலிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"உனக்குன்னு ஒரு அழகியை எடுத்து வச்சிருக்கேன் அக்கா."

"உன் கண்ணுக்கு எது அழகுன்னு எனக்குத் தெரியும்டா. உன் மீசையைத் தினமும் கண்ணாடில பார்த்துட்டுத்தானே வர்றே."

கடைசிக் கூண்டில் பழுப்பு நிறத்தில் ஒரு கிழட்டுப் பெட்டை. முகம் நரைத்திருந்தது. காதில் நகராட்சி மாட்டிய மஞ்சள் வில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

"சாப்பிட மாட்டேங்குது. வயசான பாட்டி ஒருத்தி வளர்த்தது. பாட்டி போய்ச் சேர்ந்ததும் மகன் கொண்டாந்து விட்டுட்டான். அவளுக்காகக் காத்துட்டிருக்கு போல" என்றான் கொஸ்தாக்கே. பிறகு குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு டாக்டர் வர்றார்."

"மருந்தோடவா?"

"ஊசியோட."

அத்தை கூண்டைத் திறக்கச் சொன்னாள்.

தெருவில் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஸ்மராந்தா வேலிக்கு வந்தாள். "இதுக்கு என்ன பேரு? அடுத்த நிறுத்தம் துறைமுகம்தானே?"

"வண்டி இன்னும் அங்க போய்ச் சேரல" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள். அந்தப் பெயரை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நிறுத்தத்துக்கு அப்பால் தண்டவாளமே இல்லை. அங்கிருந்து வந்தவனும் அங்கே போன நாயும் திரும்பவில்லை.

பெயரில்லாத நாய் சோபாவைத் தேடவேயில்லை. கதவுக்கு உள்பக்கம் தூணடியில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அத்தை கோழி ஈரலை வதக்கி வைத்தாள். சோளக்களியைப் பாலில் கரைத்து விரலில் தொட்டு உதட்டில் தடவினாள். நாய் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்புகள் கூடையின் பிரம்பு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "உடம்புல நோயில்லம்மா. இது சாகறதுன்னு முடிவு பண்ணிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்றார். அத்தை வேலைக்கு லீவு சொன்னாள். அவள் லீவு எடுத்ததை ஊர் பார்த்ததே இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கையில் கரண்டியோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்போது வெளியே சீட்டி கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. நாயின் காது அசைந்தது, அவ்வளவுதான். யாரோ தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அமைதி.

கொஞ்ச நேரம் கழித்து ஆற்றுப் பக்கமிருந்து இன்னொரு சீட்டி வந்தது. நீளமானது கடைசியில் வழுக்கி இறங்கியது.

நாய் எழுந்து நின்றது. வந்ததிலிருந்து முதல் முறையாக வால் ஆடியது. கதவைப் பிறாண்டி முனகியது.

அத்தை தாழ்ப்பாளில் கை வைத்தாள். அதே தாழ்ப்பாள், அதே குளிர்ச்சி. திறந்தால் இதுவும் போய்விடும். திறக்காவிட்டால் அவள் கண்ணெதிரிலேயே, அவள் வைத்த ஈரலுக்குப் பக்கத்திலேயே செத்துப்போகும். உர்சுவின் மூச்சு சத்தம் இந்த மரப்பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கதவை அகலத் திறந்தாள்.

"நெகுலாய்," என்றாள், ஆளில்லாத தெருவைப் பார்த்து. அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்ற வெட்கம்கூட இல்லாமல் சொன்னாள். "உனக்குக் கொடுத்தது ஒண்ணுதான். அதை நீ கூட்டிட்டுப் போயிட்டே. இதை நான் உனக்குக் கொடுக்கல. ஆனா அதுக்கு வரணும்னு தோணினா நான் கதவைச் சாத்த மாட்டேன். ஒரு தடவை சாத்தினதே போதும்."

நாய் வெளியே போனது. துறைமுகம் இருக்கிற திசையை நின்று பார்த்தது. பிறகு திரும்பி வந்து வலப்பக்கத் தூணுக்கு வெளியே, உர்சு உட்கார்ந்த இடத்தில், பக்கத்தில் யாருக்கோ இடம் விடுகிற மாதிரிக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. அத்தை தட்டை எடுத்துவந்து தெருப்புழுதியில் அதன் அருகே உட்கார்ந்தாள். இருவரும் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஈரல் மெல்லுகிற சத்தம் கேட்டது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுமோ என்று பயந்து, நட்டுவைத்த மரம் மாதிரி அசையாமல் இருந்தாள். கன்னத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் அவள் எழுந்தாள். "துறைமுகம், உள்ள வா" என்றாள். டிராமில் கூப்பிடுகிற அதே குரல். தெரு முழுக்கக் கேட்டது. நாய் உள்ளே போனது. கதவை அவள் சாத்தவில்லை.

துறைமுகம் இப்போது டிராமில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே படுத்துக்கொண்டு போகிறது. அது சட்டப்படி கூடாது. பரிசோதகர் ஏறினால் பயணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமுவார்கள்.

போன வாரம் ஸ்மராந்தாவின் மகள் அந்த வண்டியில் டிக்கெட் எடுக்காமல் முன்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றாள். அத்தை தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"எங்க கதையை எழுதுறியாமே."

"யாரு சொன்னா அத்தை?"

"எழுது, எழுது. சீட்டியைப் பத்தியும் எழுதினியா?"

"எழுதினேன். யாரு அடிச்சாங்கன்னு தெரியலைன்னு."

"நல்லா எழுதினே போ." அத்தை மணியை அடித்து வண்டியை மெதுவாக்கினாள். "அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு தடவை சீட்டியடிச்சவளுக்குக் கைகூசாம அப்படி எழுத வருதாக்கும்."

"ரெண்டு தடவை இல்ல அத்தை. ஒரு தடவை அடிச்சிட்டு ஓடிட்டேன்" என்றாள் ஸ்மராந்தாவின் மகள். சொல்லி முடித்த பிறகுதான், நானே மாட்டிக்கொண்டது எனக்கு உறைத்தது.

அத்தை தலையாட்டினாள். சிரிக்கவில்லை. காலடியில் நாய் காதை நிமிர்த்தியது.

"தெரியும்," என்றாள். "உன்னோடது கடைசியில மூச்சு பத்தாம உடைஞ்சிடும்."

பிறகு கடைசி நிறுத்தத்தின் பெயரைச் சொன்னாள்.