மறியல் காலத்தில் கோல்ஃப்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் கால்நடை மருத்துவராக இருந்தேன். எப்போது எந்த ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருப்பார்கள், எந்த பஸ் எங்கே நின்றுவிடும் என்று யாருக்கும் தெரியாது. சேலத்துக்குக் கிளம்பியவர்கள் சின்னசேலம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். கல்யாணங்களே தள்ளிப்போயின. எங்கள் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் மட்டும் நிற்கவில்லை. நிற்க விடவில்லை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

விடாதவர் மேனேஜர். நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் ஊர் என்பதால் இங்கே வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு பழைய ஜீப்பையும், தோல் பை நிறைய கோல்ஃப் மட்டைகளையும் கொண்டுவந்துவிட்டார். பக்கத்து மலையில், கரியாலூருக்கு மேலே, சாமை அறுத்தபின் சும்மா கிடந்த மேட்டு நிலத்தைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, பால் டின்களைப் புதைத்துக் குழிகள் செய்தார். ஆட ஆள் வேண்டுமே? அவர் வீட்டு நாய்க்கு ஊசி போடப் போன என்னையும், அவருக்குச் சட்டைத் துணி கிழித்துக் கொடுத்த ஜவுளிக்கடை பாயையும் பிடித்துக்கொண்டார்.

முதலில் நாங்களும் ஆசையாகத்தான் போனோம். போகப் போகத்தான் தெரிந்தது. மேனேஜர் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மூச்சுகூட விடக் கூடாது. நாங்கள் அடிக்கும்போது மட்டும் பின்னால் நின்று, “தோள்! தோள்!” என்று கத்துவார். பாய் வேறு ரகம். பந்து புதரில் விழுந்தால், “காத்து தள்ளிச்சு சார், இது கணக்குல சேராது” என்பார். சேரும் என்பார் மேனேஜர். இருவரும் வாதாடி முடிக்கும்வரை நான் வெயிலில் நின்று கல்லை உதைத்துக்கொண்டிருப்பேன்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. முந்தின நாள்தான் சங்கராபுரம் ரோட்டில் புளியமரத்தைச் சாய்த்திருந்தார்கள். ஜீப் வந்து நின்றதும் பாய் கெஞ்சினார்.

“மேனேஜர் சார், இன்னிக்கி வேணாமே. சாயங்காலம் தங்கச்சிய பாக்க விழுப்புரத்துலேர்ந்து மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. நான் இல்லேன்னா அம்மா என்னை வுடமாட்டாங்க.”

“சாயங்காலம்தானே? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்ல இருப்பீங்க. ஏறுங்க.”

ஏறினோம்.

மலையில் பனி விலகாமல் இருந்தது. ஆட்டம் தாமதமாகவே தொடங்கியது. கடைசிக் குழிக்கு முன்னால் பாயின் பந்து மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அதை எடுத்து வெளியே வைக்கலாமா கூடாதா என்று வழக்கு. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் என்பதையே பாய் மறந்துவிட்டார். பசியில் எனக்குக் கண் இருட்டியது. ஒருவழியாகக் கீழே இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

அடிவாரத்தில் எங்கள் ஜீப்பைப் போலீஸ் மறித்தது. பந்தோபஸ்துக்காகத் தெற்கேயிருந்து வந்திருந்த இளவயது சப்-இன்ஸ்பெக்டர், பின்னால் கிடந்த பையைத் திறந்து ஒரு மட்டையை உருவினார்.

“இத்தனை இரும்புக் கம்பி எதுக்கு?”

“கோல்ஃப் மட்டை” என்றார் மேனேஜர், அவமானப்பட்டவர்போல.

“எங்க ஆடுனீங்க?”

“கரியாலூர்ல.”

“கரியாலூர்ல கோல்ஃப். என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?” குழிக்கு அடையாளமாக நடும் கொடிகளைப் பார்த்ததும் அவர் குரல் ஏறியது. “இது எந்தக் கட்சி?”

“கட்சி இல்லீங்க சார், பாவாடைத் துணி” என்று பாய் பதறினார். “கடையில மிச்சம் வுழுந்த பீஸு. பூப்போட்டிருக்குது பாருங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நம்பவில்லை. பக்கத்தில் கரும்பு வெட்டிய கொல்லை ஒன்று காலியாகக் கிடந்தது. “அங்க ஆடிக் காட்டுங்க, பாக்கலாம்” என்றார்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. போலீஸ்காரர்களை எங்கே நிற்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று அவர் அதட்டி நிறுத்தினார். யாரோ இருமினார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் மட்டையை வீசினார். மண் பறந்தது. பந்து அசையவில்லை.

“அது ஒரு அடி” என்றார் பாய்.

“அது சும்மா கை பழக வீசினது.”

“இன்னா சார் நீங்க, போலீஸ் முன்னாலயே இப்டி பேசறீங்க? அடி அடிதான்!”

இருவரும் துப்பாக்கி வைத்திருந்தவர்களை மறந்து, கரும்புக் கட்டைகளுக்கு நடுவே நின்று கத்திக்கொண்டார்கள். இன்று ராத்திரி மூன்று பேருக்கும் லாக்கப்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

“மறியலுக்கு வந்தவங்க இப்படிச் சண்டை போடமாட்டாங்க. சரி, கெளம்புங்க.” அதோடு விட்டிருக்கலாம். “அதைக் கொஞ்சம் குடுங்க, நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கறேன்” என்றார்.

அவருக்கும் மண்தான் பறந்தது. “தோள்!” என்று கத்தினார் மேனேஜர். போலீஸ்காரர்கள் திடுக்கிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டரோ பள்ளிப் பிள்ளைபோலத் தோளை இறக்கிக்கொண்டார். மறுபடி வீசினார். மறுபடியும் மண். பாய் வாட்ச்சைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“சார், நாங்க போலாங்களா?”

“இருங்க பாய், இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

அந்த ஒண்ணே ஒண்ணு, பந்து கொல்லையைத் தாண்டி வாய்க்காலில் போய் விழும்வரை நீண்டது. போலீஸ்காரர்கள் கைதட்டினார்கள். நாங்கள் ஊருக்குள் நுழையும்போது விளக்கு வைத்திருந்தார்கள்.

“இனிமே உங்க சகவாசமே வேணாம் சார்” என்றார் பாய். மேனேஜர் காதில் அது விழவில்லை. “அந்தப் பையனுக்கு நல்ல கை. தோளை மட்டும் சரி பண்ணிட்டா போதும்” என்றார். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனேன்.

பாய்க்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் விழுந்த மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மறுநாள் காலையில்தான் வந்தார்கள். சம்பந்தம் முடிந்தது. நான் மட்டும் அந்த வாரம் முழுக்க, இனிமேல் வரமுடியாது என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஜீப் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். பின்சீட்டில் பாய் உட்கார்ந்து மேனேஜரிடம் எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தார். முன்சீட்டில், நான் உட்காரும் இடத்தில், புது வெள்ளை கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர்.

“சீக்கிரம் வாங்க டாக்டர், லேட்டாகுது” என்றார் அவர்.

போலீஸிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் பின்னால் ஏறினேன்.