மூச்சுக்குத் துணை இருந்தவள்

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை தலைக்குமேல் இருந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கத் தோல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாலாற்றை ஒட்டிய ஒரு ஷாப்பில், தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் கன்னியப்பன் வேலை செய்தான். அவன் மனைவி கோவிந்தம்மாள் அதே ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் இருந்தாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது பட்டைத்தூள் படிந்து அவள் புருவம்கூடச் செம்மண் நிறமாகியிருக்கும். அவர்களுக்குப் பூவம்மாள் என்று ஒரே மகள். பேச்சு வந்த நாளிலிருந்து ஓயாமல் பேசுகிற குழந்தை.

கன்னியப்பன் குடிப்பான். கள்ளுக்கடையிலிருந்து அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவருவது கோவிந்தம்மாளுக்குப் பழகிப்போயிருந்தது. அந்த வருஷம் கைலாசகிரி அடிவாரத்தில் ஒரு சாமியார் வந்து தங்கினார். வேடிக்கை பார்க்கப் போன கன்னியப்பன் மறுநாளும் போனான். அப்புறம் தினமும் போனான். குடியை விட்டான். வேலைக்குப் போகுமுன் ஆற்று மணலில் உட்கார்ந்து வாசி பழகினான். மூச்சைக் கவனித்து, இழுத்து நிறுத்தி, மெல்ல விடுகிற யோகம் அது. புருஷன் தெளிந்த கண்ணோடு சோற்றுக்கு உட்கார்வதே கோவிந்தம்மாளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தான்.

“கண்ண மூடு. மூச்சு உள்ள போறத பாரு, வெளிய வர்றத பாரு. வேற ஒண்ணும் பண்ணாத.”

“பாத்தா இன்னா கிடைக்கும்?”

“ஆனந்தம் கிடைக்கும்னு சாமி சொல்றாரு.”

களைத்திருந்த அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது பூவு அவள் மூக்குக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டு, “அம்மா மூச்சு சுடுது நைனா” என்று சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

போகப் போக அவனுக்கு வீடு கசந்தது. தோல் நாற்றம் மனத்தைக் கலைக்கிறது என்றான். குழந்தை வாய் திறந்தால் அதட்டினான். ஒரு காலை குளித்து, விபூதி பூசி, மாற்று வேட்டியை மூட்டையாகக் கட்டினான். சாமியார் வடக்கே போகிறார், தானும் போகிறேன் என்றான்.

“எப்ப வருவே?”

“எனக்கு அது கிடைச்சதும் வர்றேன்.”

“கிடைக்கலன்னா?”

அவன் பூவுவைத் தூக்கி, “நைனா வர்றப்ப ஒனக்கு வளையல் வாங்கியாறேன்” என்றான். குழந்தை தலையாட்டியது. கோவிந்தம்மாள் ரயிலடிக்குப் போகவில்லை. வழக்கம்போல் பட்டைக் கொட்டகைக்குப் போய் உலக்கையைக் கையில் எடுத்தாள்.

ரயில் சத்தம் கேட்டால் பூவு வாசலுக்கு ஓடும். பிறகு ஓடுவதை நிறுத்தியது. அப்பனைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்தியது. கேட்டால் அம்மாவின் முகம் மாறுவதை அது கண்டுகொண்டிருக்க வேண்டும்.

சண்டை முடியும் தறுவாயில், ஐப்பசி மழையோடு விஷக்காய்ச்சல் வந்தது. ஷாப்பை மூடினார்கள். பாலாற்றங்கரையில் குழி வெட்ட ஆள் போதவில்லை. பூவு மூன்றாம் நாளே எழுந்து உட்கார முடியாமல் போனாள். கஷாயம் தொண்டைக்குள் இறங்கவில்லை. மத்தியானத்தில் அவள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, மூச்சு வரமாட்டேங்குது.”

கோவிந்தம்மாளுக்கு ஓடிப்போய் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கூப்பிட்டால் வருகிற நிலையிலும் யாரும் இல்லை. அவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, அதன் முதுகைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டாள். எங்கோ கேட்டது வாயில் வந்தது.

“வரும்டி. அம்மா மூச்ச பாரு. நான் இழுக்கறப்ப இழு. நான் விடறப்ப விடு. வேற ஒண்ணும் பண்ண வாணாம்.”

முதலில் இருவர் மூச்சும் முட்டி மோதின. குழந்தையின் மூச்சு அரைகுறையாக, விசில்போல வந்தது. கோவிந்தம்மாள் தன் மூச்சை அதற்குத் தக்கபடி சின்னதாக்கினாள். சற்று நேரத்தில் இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. பூவுவின் பிடி தளர்ந்தது. பயம் போயிற்று. “நல்லா இருக்குதும்மா” என்றாள்.

அந்தப் பொழுதில் கோவிந்தம்மாளுக்கு நாளை என்ற ஒன்று இல்லை. விட்டுப்போனவன் இல்லை. பிழைக்குமா பிழைக்காதா என்பதும் இல்லை. மடியில் ஒரு சூடு, உள்ளே போகிற மூச்சு, வெளியே வருகிற மூச்சு, கூரையில் மழை. அவ்வளவுதான். அவளுடையது என்று எதுவும் மிச்சமில்லாமல் அத்தனையும் குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. போகப் போக, அடியிலிருந்து ஊற்று சுரப்பதுபோல ஒரு ஆனந்தம் நிறைந்தது.

மழை விட்டபோது தாயின் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

மகள் போன துக்கத்தைவிட, மகள் சாகும்போது தான் ஆனந்தமாக இருந்ததுதான் அவளை அரித்தது. தன்னைப் பேய் என்று நினைத்தாள். அடுப்பு மூட்டாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அப்போதுதான் பக்கத்துத் தெரு ஹலீமா பீ வந்தாள். அவள் மகன் வாஹித் பாஷா ஷாப்புக்கு மாட்டுவண்டியில் பட்டை ஏற்றி வருகிறவன்.

“கோயிந்தம்மா, எம் புள்ள மூச்சுக்குத் தவிக்கிறான். வா.”

“எங்கிட்ட மருந்து ஒண்ணும் இல்ல பீபிம்மா.”

“மருந்து ஆரு கேட்டா? ஒம் பொண்ணு மொகத்துல பயமே இல்லன்னு தூக்கிட்டுப் போனவங்க சொன்னாங்க. எவனும் ஊட்டுக்குள்ள கால் வைக்க மாட்றான். நீ வந்து சும்மா ஒக்காரு, போதும்.”

கோவிந்தம்மாள் எழுந்து போனாள். வாஹித் பாஷாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஹலீமா பீ அவள் காலைத் தொட வந்தாள். கோவிந்தம்மாள் விலகி வெளியே போய், ஆற்றுமணலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுத்தவள் பிள்ளை பிழைத்ததே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பின்னாளில் அதையும் மறைக்காமல் ஹலீமா பீயிடம் சொன்னாள். பூவு செத்தபோது வந்த ஆனந்தத்தையும் சொன்னாள்.

ஹலீமா பீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அல்லா குடுத்தத தப்புன்னு சொல்லாத. ஒம் பொண்ணு தனியா போகலல்ல” என்றாள்.

அதன்பிறகு யார் வீட்டில் மூச்சுத் திணறினாலும் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார்கள். இளைப்பு நோய்க்காரன், பிரசவத்தில் சோர்ந்தவள், சுண்ணாம்புக் குழியில் நெஞ்சு கெட்டவன். சிலர் பிழைத்தார்கள். பலர் போய்விட்டார்கள். பதிலுக்கு வெற்றிலைகூட வாங்கமாட்டாள். விடிகாலையில் மணலில் கொஞ்ச நேரம் உட்காருவாள், பிறகு வேலைக்குப் போவாள். யோகம் என்ற சொல்லை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. “போய் ஒக்காந்துட்டு வர்றேன்” என்பாள்.

பல வருஷம் கழித்துக் கன்னியப்பன் திரும்பி வந்தபோது காவி உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று வெகுநேரம் இருமினான். கோவிந்தம்மாள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மூட்டையை அவிழ்த்து, துணியில் சுற்றிய கண்ணாடி வளையல்களை எடுத்தான்.

“காசியில வாங்கினது. பூவு எங்க?”

வளையல்கள் ஐந்து வயதுக் கைக்குத்தான் சேரும். இத்தனை வருஷத்தில் அவன் மனத்தில் மகள் வளரவே இல்லை. கோவிந்தம்மாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“காய்ச்சல் வந்த வருஷமே போய்ட்டா.”

அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

“தெனமும் எல்லா உசுரும் நல்லா இருக்கணும்னு நெனச்சுத்தான் ஒக்காந்தேன்” என்றான்.

“அதுல அவளும் ஒரு உசுருதான்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அவனுக்கு நெஞ்சு முழுவதும் கெட்டிருந்தது. அவள் கஞ்சி வைத்தாள், துடைத்துவிட்டாள், ரத்தம் துப்பிய சட்டியைக் கழுவினாள். ஆனால் அவன் பக்கத்தில் உட்கார அவளால் முடியவில்லை. முன்பின் தெரியாதவனோடு சேர்ந்த மூச்சு இவனோடு சேர மறுத்தது. உட்கார்ந்தால் பழைய கேள்விகள் எழுந்து வந்தன. ஒருமுறை கேட்டும்விட்டாள்.

“தேடிப் போனது கிடைச்சுதா?”

“மூச்ச நிறுத்தக் கத்துக்கிட்டேன். நாழிகைக் கணக்குல நிறுத்துவேன். எல்லாரும் வந்து பாத்தாங்க” என்றான். பிறகு, “அது கிடைக்கல” என்றான்.

மார்கழியில் ஒரு முற்பகல், வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தபோது, அவன் திடீரென்று அவள் கையைப் பற்றினான். கண் அகலமாகத் திறந்திருந்தது.

“கோயிந்தம்மா, பயமா இருக்குது.”

அந்த முகத்தில் புருஷனும் இல்லை, சாமியாரும் இல்லை. மூச்சுக்குத் தவிக்கிற ஒரு உயிர் இருந்தது. அவள் அவனைத் தூக்கி மார்போடு சாய்த்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாகக் குழந்தை கனம்தான் இருந்தான்.

“ஒண்ணும் நிறுத்த வாணாம். எம் மூச்ச பாரு. நான் விடறப்ப விடு.”

அவளுக்குள் கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்து அவனுக்குப் போயிற்று. அதே ஊற்று மறுபடி சுரந்தது. இந்தத் தடவை அவள் வெட்கப்படவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய, முகம் மட்டும் தெளிந்திருந்தது. கன்னியப்பன் சற்று நேரம் கழித்து, வியந்தவன்போல, “இதானா?” என்றான். அவள் “ம்” என்றாள். வெயில் வாசலுக்கு நகருமுன் அவன் போய்விட்டான்.

மறுநாள் கோபம் திரும்பி வந்தது. பூவு ரயில் சத்தத்துக்கு ஓடியதை நினைத்து அவனைத் திட்டினாள், பிறகு அவனுக்காக அழுதாள். ஆனந்தம் வந்ததென்று துக்கம் ஒதுங்கிப் போய்விடவில்லை. இரண்டும் அவளிடம் கடைசிவரை ஒரே வீட்டில் குடியிருந்தன.

வளையல்களை ஹலீமா பீயின் பேத்தி குர்ஷித்துக்குப் போட்டுவிட்டாள். சரியாகச் சேர்ந்தன. கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்ட குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கன்னியப்பனின் காரியம் முடிந்த அன்று, ஷாப்பில் வேலை செய்யும் முனியம்மாவின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவளுக்குப் பிறந்த குழந்தை அழாமலே இறந்திருந்தது. அவள் யாரையும் கிட்டே விடாமல் குழந்தையை மார்போடு அணைத்தபடி இருந்தாள். கோவிந்தம்மாள் முகம் கழுவாமல், தலை முடியாமல், வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் இருவரும் சேர்ந்து அழுதார்கள். அழுகைக்கு நடுவே மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.