சோளக்கொல்லையில் நாலு முகம்

ராக் பாட்டுக்கு ரசிகனாக இருப்பதற்கு உளுந்தூர்பேட்டையைப் போலத் தோதான ஊர் கிடையாது. எந்நேரமும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் எவ்வளவு சத்தமாகக் கிட்டாரை அலறவிட்டாலும் யாரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை. இதை நான் பெருமையாகச் சொன்னால் என் மனைவி, "யாரும் கேக்கலன்னு சொல்லிக்காதீங்க. ஏதோ லாரி பிரேக்கு புடிக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க" என்பாள்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். தலை நரைத்துவிட்டது. இந்த வயதில் கறுப்பு பனியன் போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பாட்டுக் கேட்பவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பாட்டை ஓசியில் கேட்பவர்கள் மேல் அப்படி ஒரு கோபம் வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர்கள் போனில் எதையாவது ஓடவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவேன். "ஓட்டல்ல சாப்ட்டுட்டு காசு குடுக்காம வருவீங்களா சார்? இதுவும் அப்படித்தான்." இயற்பியல் ஆசிரியர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்.

எனக்குப் பிடித்த குழு சென்னைப் பசங்கள் நாலு பேர். தமிழில் பாடுகிறவர்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி விழாவுக்கு வந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டிலேயே கூட்டம் பிரியாணிப் பக்கம் நகர்ந்துவிட்டது. கடைசிவரை மேடைக்கு முன்னால் நின்றவர்களில் நரைத்த தலை என்னுடையது மட்டும். முடிந்ததும் பாடகர் இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. "அண்ணா, நீங்க ஒருத்தர் நின்னீங்களே, அது போதும்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் போனில் பேச்சு உண்டு. கல்வராயன் மலைப்பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் பைக்கில் போகும்போதெல்லாம் காதில் அவர்கள்தான் இருப்பார்கள். வளைவில் திரும்பும்போது டிரம்ஸ் இடிக்கும். அந்தச் சந்தோஷத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை.

அவர்கள் ஒரு புது ஆல்பம் போட்டார்கள். டிஸ்க்காகவே அச்சடித்து, அட்டை உறையில் போட்டு, மேலே கண்ணாடித்தாள் சுற்றி. கொஞ்ச நாள் கழித்துப் பாடகரிடமிருந்து குரல்பதிவு வந்தது. யாரும் வாங்கவில்லை, பெட்டிகள் டிரம்மர் வீட்டில் ஸ்டூலாகப் பயன்படுகின்றன, இது போகாவிட்டால் இதோடு சரி, இனிமேல் பதிவு செய்யக் கையில் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. உடனே பதில் போட்டேன். "எங்க பக்கம் நெறைய பேரு கேக்கறாங்க தம்பி. ஒரு பெட்டி அனுப்புங்க."

எங்கள் பக்கம் ஒருவரும் கேட்கவில்லை.

பெட்டி பஸ்ஸில் வந்தது. பணத்தை நானே அனுப்பிவிட்டேன். ஒன்றை எடுத்து எனக்கென்று பீரோவில் வைத்துக்கொண்டு மீதியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இயற்பியல் ஆசிரியர் ஒன்றைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "சிடியா? எதுல சார் போட்றது? இப்ப வர்ற லேப்டாப்ல அந்த ஓட்டையே இல்லியே" என்று திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. பெட்டி என்னோடு வீடு திரும்பி, கட்டிலுக்கு அடியில் போனது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் என் மனைவி என்னைப் பார்ப்பாள்.

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் என் மனைவியின் ஊரில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில். வருஷா வருஷம் அந்தப் பண்டிகைக்கு நாங்கள் அங்கேதான் போவோம். ஒவ்வொரு குடும்பமும் விளைந்ததில் எதையாவது கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைக்கும். பூசணிக்காய், கரும்பு, கோழி, முட்டை, கேக். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவந்து மரத்தடியில் ஏலம் விடுவார்கள். நாங்கள் எப்போதும் கோழி கொண்டுபோவோம். இந்தத் தடவை என் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். "உங்க வெள்ளாமை இதுதானே? இதையே வெச்சிடலாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எப்படியோ நாலு பேர் வீட்டுக்குப் போய் யாராவது கேட்டால் சரி என்று தோன்றிவிட்டது.

ஏலம் விட்ட சபை மூப்பர் வாய்க்காரர். கோழியைத் தூக்கிக் காட்டினால் கோழிக்கே வெட்கம் வரும்படி பேசுவார். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவருக்கே பேச்சு நின்றுபோனது. "நம்ம ஊரு மாப்ள குடுத்திருக்காரு. ஏதோ பாட்டு சிடி. கேளுங்கப்பா" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. அதுவரை பூசணிக்காய்க்கு அடித்துக்கொண்ட கூட்டம் மரத்தைப் பார்த்தது, செருப்பைப் பார்த்தது. பீடத்தில் வைத்ததை யாரும் ஏலம் கேட்காமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் அங்கே கிடையாது. அதுவும் ஊர் மாப்பிள்ளை கொடுத்தது. என் காது இரண்டும் சூடாகிவிட்டது. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடலாமா என்று பார்த்தேன்.

"மொத்தமா எனக்கு உடுங்க" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி அக்கா என்று கூப்பிடும் அம்மாள். சோளம் போடுகிறவர். கோழிக்குக் கேட்பதைவிடக் கூடவே கேட்டார். அந்த அம்மாள் எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று மூப்பர் அவசர அவசரமாக மூன்று தரம் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் யார் கேட்பார்கள் என்று நான் அவரிடம் விசாரித்திருக்கலாம். பதில் வேறு மாதிரி இருந்துவிடுமோ என்று விசாரிக்கவில்லை. பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், கல்லூரிக்குப் போகிறவர்களாக இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவனுக்குக் கிட்டாரே வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்தே பாடகருக்குச் செய்தி அனுப்பினேன். "சோளம் போடற ஒரு அம்மா பெட்டியோட வாங்கிட்டுப் போய்ட்டாங்க தம்பி." கோயிலையும் ஏலத்தையும் எழுதவில்லை. இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது.

பாடகர் குரல்பதிவில் பேசினார். "அண்ணா, பசங்ககிட்ட சொன்னேன். விட்றலாம்னுதான் இருந்தோம். இப்ப இன்னொண்ணு பண்ணலாம்னு இருக்கோம். டிஸ்க்காவே." அதற்கப்புறம் மேடையில் பாட்டுக்கு நடுவில் அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வீடியோவில் பார்த்தேன். கூட்டம் கைதட்டியது. நான் அதை இயற்பியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அப்படி ஒரு திமிர்.

போன மாதம் பாடகர் திருச்சிக்குக் கச்சேரிக்குப் போகிற வழியில் உளுந்தூர்பேட்டையில் இறங்கினார். அந்த அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். கொல்லை வேலை நேரம், வெயில், ரோடு சரியில்லை என்று எனக்குத் தெரிந்த எல்லாக் காரணத்தையும் சொன்னேன். "பத்தே நிமிஷம் அண்ணா. கும்பிட்டுட்டு வந்துட்றேன்" என்றார். வேறு வழியில்லாமல் என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அடுத்த ஆல்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். முதல் பாட்டு அந்த அம்மாவைப் பற்றித்தானாம்.

கொல்லை ரோட்டிலிருந்தே தெரிந்தது. சோளம் ஆள் உயரத்துக்கு நின்று கதிர் பிடித்திருந்தது. கொல்லை நெடுக மூங்கில் நட்டு, கயிறு கட்டி, கயிற்றில் வரிசையாக ஏதோ பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மயிலையும் கிளியையும் விரட்ட இப்படித்தான் பழைய சிடிக்களைக் கட்டுவார்கள். எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு திருச்சிக்கே போய்விட மாட்டோமா என்று இருந்தது. ஆனால் வரப்பில் நின்ற அந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார்.

"வாங்க மாப்ள! இன்னா இவ்ளோ தூரம்?"

டிஸ்க்கில் ஒரு பக்கம் கண்ணாடி. மறுபக்கம் அவர்கள் நாலு பேரின் முகமும் அச்சடித்திருக்கும். காற்று அடித்தபோதெல்லாம் அத்தனை டிஸ்க்கும் திரும்பின. நாலு முகமும் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி சோளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டன. பாடகர் வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைத் திருகிக்கொண்டே நின்றேன்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். "நல்ல சாமான் குடுத்தீங்க மாப்ள. சாமிக்கு வெச்சது திரும்பிப் போவக்கூடாதேன்னுதான் எடுத்தேன். கட்டனதிலேந்து மயிலு கிட்டவே வர்றதில்ல. கிளியும் கம்மி. இன்னும் இருந்தா சொல்லுங்க, எங்க தங்கச்சி கொல்லிக்கும் ஓணுமாம்." அப்புறம் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். திரும்பவும் அவரைப் பார்த்தார். "அய்யய்யோ, தம்பி நீங்களா இது?" என்று பதறிக்கொண்டு கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"வேணாம்மா, வேணாம். இருக்கட்டும்" என்று பாடகர் ஓடிப்போய்த் தடுத்தார். "எங்களால ஒரு கொல்லையாவது பொழைக்குதே." சிரித்தார். குரல்பதிவில் முன்பு கேட்ட அதே சிரிப்பு.

அந்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னா பாட்டு தம்பி அது? கேக்காமலே கட்டிட்டனே. இப்பனா போடுங்க, கேக்கறேன்" என்றார். பாடகர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்தேன். அதில்தான் எல்லாப் பாட்டும் இருக்கிறது. அழுத்தினேன். முதலில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. காசு கட்டிக் கேட்கிறவர்களுக்கு விளம்பரம் வராது. அது அந்த அம்மாளுக்குத் தெரியாது. பாடகருக்குத் தெரியும். சோப்பு முடிந்து ஒரு பற்பசை வந்தது. நாங்கள் மூன்று பேரும் வரப்பில் நின்று அதையும் முழுசாகக் கேட்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான விளம்பரத்தை நான் கேட்டதில்லை.

பிறகு பாட்டு வந்தது. அந்த அம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார். "நல்லாத்தான் பாடறீங்க தம்பி. தொண்ட வலிக்காதா?" என்றார். பாடகர் கும்பிட்டார். அந்த அம்மாள் ஒரு கதிரை ஒடித்து அவர் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஏலத்தைப் பற்றி நானாகவே சொன்னேன். "பரவால்ல அண்ணா" என்றார். வீட்டில் என் மனைவி டீ கொடுத்தாள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "உங்க காப்பிய குடுங்க அண்ணா. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். என் மனைவியின் கல்யாணப் புடவைக்குள் வைத்திருந்தேன், வெயில் படாமல், தூசி படாமல். எடுத்துப் பார்த்தேன். சுற்றிவந்த கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டிலும் டிஸ்க் போட ஒன்றும் கிடையாது. ஆல்பம் வந்த நாளிலிருந்து நான் போனில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஓசியில். இதை வாங்கியதே எனக்குப் போதுமாக இருந்தது. அங்கேயே நின்று நகத்தால் தாளைக் கிழிக்கப் பார்த்தேன். தாள் சரசரவென்று சத்தம் போட்டது. கூடத்தில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது. விட்டுவிட்டேன்.

அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கையில் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். தாளின் ஓரத்தில் என் நகம் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். என் மனைவிக்கு விஷயம் புரியவில்லை. "அந்த அக்காவாவது எல்லாத்தயும் பிரிச்சாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த வயதில், என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கூசிப்போவேன் என்று நினைக்கவில்லை.

அவர் பிரிக்கவில்லை. தாளின் மேலேயே கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, என்னிடம் நீட்டினார். "பத்திரமா வெச்சிக்கோங்க அண்ணா. இனிமே டிஸ்க் போடல. அடுத்தது போன்ல மட்டும்தான்." கோபமே இல்லாமல் சொன்னார். பஸ் ஏறும்போதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் சோளக்கதிர் இருந்தது.

அதற்கப்புறம் நான் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. பழைய டிஸ்க் பிளேயர் ஒன்றும் வாங்கிவிட்டேன். வேலை செய்கிறது. ஆனால் பிரித்தால் தாளோடு கையெழுத்தும் கிழிந்துவிடும். அதனால் இன்னும் பிரிக்கவில்லை.