முக்கால் சுற்று

போன வாரம் பெரம்பலூரில் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். சீருடை போட்ட ஒரு பெண் ஒரு தட்டில் எதையோ ஏந்திக்கொண்டு வந்து, கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டுகிற மாதிரி என் முன்னால் நீட்டினார். பார்த்தால் என் காரின் ஏர் பில்டர்.

"அரியலூர் பக்கம் நெறைய ஓட்டுவீங்களா சார்? இத மாத்திடலாமா?" என்று கேட்டபடி தட்டின் ஓரத்தில் அதை லேசாகத் தட்டிக் காட்டினார். வெள்ளைத் தூசி பறந்து என் வேட்டியில் விழுந்தது. சுண்ணாம்புக்கல் தூசி. கூடவே பெட்ரோல் வாசனையும் மூக்கில் ஏறியது. அந்த அறையில் பெட்ரோல் வாசனைக்கு வழியே இல்லை, ஏதோ மல்லிகை ஸ்பிரே அடித்து வைத்திருந்தார்கள். மூக்கு தானாகவே மீதியைச் சேர்த்துக்கொண்டது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வேயராக இருந்தேன். சவரிமுத்து பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார். வரதராஜன்பேட்டைக்காரன், காலேஜில் என் அறைத் தோழன். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, கார் வைத்துக்கொண்டு போவதற்கு ஒரு இடமும் இல்லை. ஆனாலும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினோம். ஊரே சிரித்தது. ஓட்டுவதைவிட பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பதில்தான் எங்களுக்கு ருசி அதிகம் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்?

கார் ஒரு வாரம் அரியலூரில் என்னிடம், ஒரு வாரம் பெரம்பலூரில் அவனிடம். ஞாயிற்றுக்கிழமை காலை பாதி வழியில் ஒரு டீக்கடையில் கைமாற்றிக்கொள்வோம். கார் இல்லாதவன் பஸ்ஸில் வந்து இறங்குவான். சவரி முதல் பூசை பார்த்துவிட்டு நெற்றியில் தண்ணீரில் படிய வாரிய முடியோடு வருவான். வந்ததும் பானெட் திறக்கும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து மத்தியானம் ஆகிவிடும்.

கார்பரேட்டரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது. எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன ஸ்க்ரூ தீர்மானிக்கும். முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை சுற்று திறக்கிறோம் என்று எண்ணி வைக்க வேண்டும். காற்று வரும் வாசலில் காகித மடிப்பு மடிப்பாக பில்டர்.

வம்பே இங்கேதான். கல் லாரிகள் ஓடுகிற எங்கள் ஊரில் ஒரே வாரத்தில் பில்டர் அடைத்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும், கரும்புகை கக்கும். நான் சோம்பேறி. பில்டரைக் கழற்றித் தட்டுவதற்குப் பதிலாக ஸ்க்ரூவை ஒரு சுற்றுக்கு மூடிவிட்டு ஓட்டுவேன். சவரி ஞாயிற்றுக்கிழமை பில்டரை டீக்கடைப் புளியமரத்தில் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஒன்றரைக்குத் திறப்பான். இப்படி ஒரே காருக்கு இரண்டு ஊருக்கும் இரண்டு கணக்கு. யார் என்ன வைத்தோம் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் போடுவது வழக்கம். "ஒன்று. உன் தோழன்." "ஒன்றரை. பில்டரைத் தட்டவும், சோம்பேறி." எங்கள் வாலிபக் காலத்தின் கடிதப் போக்குவரத்தே அவ்வளவுதான்.

அந்தத் தூசியைப் பற்றி சவரி ஒரு பாடமே எடுப்பான். அரியலூர் ஒரு காலத்தில் கடலாம், கல்லுக்குள் சிப்பி கிடைக்கும், நானே சுரங்கத்தில் எடுத்திருக்கிறேன். "வாரா வாரம் ஒரு கடலைத் தட்டி விடுறேன் மாப்ள" என்பான். வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் அவனுக்கு எங்கள் ஊர்த் தூசிதான் குற்றவாளி.

நாலு வருஷம் இப்படி ஓடியது. பிறகு சவரிக்கு மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டு தங்கைகள் இருந்தார்கள், போகாதே என்று எந்த வாயால் சொல்வது? பலே என்றேன், பெட்டி வாங்கக் கூடப் போனேன். உள்ளுக்குள் எனக்கு அவன் போவது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அரியலூரில் எனக்கு வேறு மனிதர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிற நாள் கார் என் முறை. பெரம்பலூர் போய் அவனை ஏற்றிக்கொண்டு அரியலூரில் பகல் ரயிலுக்கு விட வேண்டும். மறுநாள் சென்னையில் விமானம். கடைசித் தடவை என்று பில்டரை நானே கழற்றி, காற்றடித்து, பளிச்சென்று மாட்டினேன். ஸ்க்ரூவை அவன் கணக்குப்படி ஒன்றரைக்குத் திறந்தேன். அன்றைக்கு ஓடியது போல அந்த வண்டி என்றைக்குமே ஓடியதில்லை. அது அவ்வளவு நன்றாக ஓடியதே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அவன் அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொள்ளப் போயிருந்த ஐந்து நிமிஷத்தில் அதைச் செய்தேன். பானெட்டைத் தூக்கி ஸ்க்ரூவை உள்ளே திருகினேன். வெளியே மிச்சம் முக்கால் சுற்று. ரயில் போய்விட்டால் விமானம் போய்விடும், விமானம் போனால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். இருபத்தெட்டு வயதுக்காரனின் யோசனை இது, சிரித்துக்கொள்ளுங்கள்.

வேகமாகப் போகும்வரை அந்தக் குறை தெரியாது. நிதானப்படும்போதுதான் பெட்ரோல் பற்றாமல் இஞ்சின் செத்துப்போகும். எங்கள் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். இரண்டு தும்மல் தும்மிவிட்டு வண்டி நின்றது. மறுபடி கிளப்பினால் கிளம்பவில்லை.

"ஒங்க ஊரு தூசி, என்னைய வழியனுப்பவும் வந்துருச்சு பாரு" என்று சிரித்துக்கொண்டே சவரி இறங்கினான். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு பில்டரைக் கழற்றினான். காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெதுவாக மூடிக்கொண்டே எண்ணினான். சத்தமாகத்தான் எண்ணினான். கால், அரை, முக்கால். அதற்கு மேல் ஸ்க்ரூ நகரவில்லை.

நான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஒன்றரைச் சுற்று திறந்தான், பில்டரை மாட்டினான், கையைத் துடைத்துக்கொண்டான்.

"வண்டிய நீயே வச்சுக்க மாப்ள. ஆனா கோவத்துல இந்த ஸ்க்ரூவத் தொடாத" என்றான்.

ரயில் கிடைத்தது. அவன் போன பிறகு டேஷ்போர்டைத் திறந்து பார்த்தேன், புதிதாகச் சீட்டு எதுவும் இல்லை.

தனியாக அந்தக் காரை வைத்துக்கொண்டு ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆண்டிமடத்தில் ஒரு முந்திரி வியாபாரிக்குக் கொடுத்துவிட்டேன். சாலையை அகலப்படுத்தியபோது டீக்கடையும் புளியமரமும் போயின. இப்போதைய காரில் பானெட்டைத் திறந்தால் கறுப்பு மூடிதான், திருகுவதற்கு ஒன்றுமில்லை. சவரி ஊர் திரும்பவில்லை, மகளோடு பெங்களூரில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்குப் பேசுவோம். சர்க்கரை, மூட்டுவலி, பேரப்பிள்ளைகள். அந்த முக்கால் சுற்றைப் பற்றி மட்டும் போன கிறிஸ்துமஸ் வரை அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பெருந்தன்மையாக மூடி வைத்திருக்கிறான் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் போனை வைத்தபின் கூசிப்போவேன்.

அன்றைக்குத்தான் துணிந்து கேட்டுவிட்டேன். "சவரி, அன்னிக்கு அந்த ஸ்க்ரூவத் திருகி வச்சது நான்தான். ஒனக்கு எம்மேல வருத்தமாடா?"

"எந்த ஸ்க்ரூ?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டு மந்தை, வெள்ளைக் காகிதம், அவன் எண்ணியது, கடைசியில் சொன்னது. ம், ம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நடிக்கவில்லை, எனக்குத் தெரியும். அப்புறம் தயங்கிக்கொண்டே, "நம்ம கார் என்ன கலருடா?" என்று கேட்டான்.

பச்சை என்றேன்.

"ஓ, பச்சையா" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி அவனிடம் பத்திரமாக இருக்கிறது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.