மின்னலின் வலது தோள்

மார்ச் 5 – 9,400.
ஏப்ரல் 5 – 9,400.
மே 5 – 9,400.
ஜூன் 5 – 9,400.
ஜூலை 5 – 9,400.

மின்னல் கைநீட்டி வாங்கிய சம்பளம் இது. ஒரு காசு குறையவில்லை. குறைந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. இயந்திரம் நின்றதும், கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும் ஈர விரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு, குறைந்தால் பிடித்தம். பதினெட்டு வருடம் அவள் இழுத்த வேகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயர். பிப்ரவரியில் வலது தோள் பிடித்துக்கொண்டது. தலைவாரக்கூடக் கை எழவில்லை; மகள்தான் பின்னிவிட்டாள்.

அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம். யாருக்காவது முடியவில்லை என்றால் வெளியே மூச்சு விடமாட்டார்கள். பக்கத்து இயந்திரக்காரி தன் வேலையை முடித்துவிட்டு, முடியாதவளுடையதையும் இழுத்து அவள் வண்டியை நிரப்பிவிடுவாள். மின்னலும் எத்தனையோ பேருக்கு இழுத்தவள்தான். இப்போது அவளுக்கு இழுத்தவள் ஒட்டடைக்குச்சி. ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி.

"சும்மா நிக்காதடி, கையை ஆட்டிட்டே இரு. மேஸ்திரி பாக்குறான்."

"உன் இடுப்பு போயிடும்டி."

"எனக்கு எங்கடி இடுப்பு? டாக்டரே தேடிப் பாத்துட்டு விட்டுட்டார்."

ஜூலைக் கடைசியில் இரண்டு அறிவிப்புகள் ஒன்றாக ஒட்டப்பட்டன. பளு இழுத்து உடம்பு கெட்டவர்களுக்குச் சிகிச்சையும் தையல் பயிற்சியும் தந்து, கிழிசல் தைக்கும் பிரிவில் உட்கார்ந்த வேலை தருவார்கள். மற்றவர்களுக்குச் செப்டம்பரில் உடல்தகுதிச் சோதனை. தேறாதவர் வீட்டுக்குப் போகலாம்.

மின்னல் நலப்பிரிவு அதிகாரியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நல்ல பெண்தான் அந்த அதிகாரி. கணினியைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"பிப்ரவரியிலேயே வலியா? நீங்க இழுத்த எடை குறையவே இல்லையேம்மா. ஒருநாள் லீவுகூட இல்ல. வேலை குறைஞ்சதுக்கு ஏதாவது ஆதாரம் இருந்தாத்தான் நான் சேர்க்க முடியும். இவ்வளவும் யார் இழுத்தது?"

போன வருடம் இப்படி மாற்றி இழுத்த இருவரை ஆள்மாறாட்டம் என்று ஒரே நாளில் நீக்கியிருந்தார்கள்.

"நான்தாங்க."

விஷயம் தெரிந்ததும் ஒட்டடைக்குச்சி கொதித்தாள். "நானே போய்ச் சொல்றேன்!"

"சொல்லு. ரெண்டு பேரும் கைகோத்துட்டு வெளிய போவோம். உன் பிள்ளைங்க ரெண்டும் என் பின்னாடி வரட்டும், நான் கஞ்சி ஊத்துறேன்."

ஒட்டடைக்குச்சி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

சோதனையில் இருபது கிலோப் பெட்டியைத் தோள் உயரத் தட்டில் வைக்க வேண்டும். வீட்டுக் குளியலறையில் மின்னல் வாளித் தண்ணீரைத் தூக்கிப் பழகினாள். முதலில் கால்வாளி, பிறகு அரைவாளி. பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால்வாளியைத் தூக்கிய அன்று தோளுக்குள் ஏதோ அறுந்தது. வேலை போய் வீட்டில் இருந்த கணவர் ஓடிவந்தார்.

"விட்டுத்தொலை இந்த வேலையை."

"விட்டுட்டு? உங்க மூஞ்சியையா வறுத்துத் திங்கிறது?"

சொல்லிவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். கை தொங்கியது.

சோதனைநாளில் பெட்டி தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. தோளைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் திட்டினார். "ஆரம்பத்துலயே காட்டியிருந்தா ரெண்டு மாசத்துல சரியாகியிருக்கும். இத்தனை நாள் என்னம்மா பண்ணீங்க?"

மறுநாளே வேலை போயிற்று. மருத்துவர் கொடுத்த சான்றை இணைத்து, தையல் பிரிவில் சேர்க்கும்படி மகளை விட்டு மனு எழுதினாள். இரண்டு முறை நினைவூட்டினாள். பயிற்சித் திட்டம் பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே, இனி எழுத வேண்டாம் என்ற கடிதம் வந்துசேர்ந்தது நவம்பர் 14.