வொல்சொன் தன் முற்றத்தைத் தோண்டினார்

தென்கொரியாவின் கியோங்ஜுவில் எங்கள் தெருவுக்குப் பழங்கால அரசர்களின் கல்லறை மேடுகள்தான் பின்சுவர். பே வொல்சொன் சிறுமியாக அந்த மேடுகளில் வைக்கோல் சாக்கைப் போட்டுச் சறுக்கி விளையாடியவர். 1973-இல் ஒரு பெரிய மேட்டைத் திறந்தபோது மண்கூடை சுமக்க வந்தார். ஒரே மாதத்தில் கூடையை வாங்கிக்கொண்டு கையில் மண் சுரண்டும் கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அகழாய்வுக் குழியில் வருகைப் பதிவு எழுதியவன் நான். பிரசவத்துக்குத் தவிர அவர் விடுப்பு எடுத்ததாக நான் எழுதியதில்லை.

2014 மார்ச்சில் மகன் கிஹ்வான் பூசான் வேலையை விட்டுவிட்டு வந்தான். செர்ரி பூக்கும்போது சுற்றுலாக் கூட்டம் வரும். அதற்குள் வீட்டு முற்றத்தில் நூடுல்ஸ் கடை திறக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய முதல் நாளே, நானும் உடனிருக்கையில், ஒரு சாம்பல் நிற ஜாடியின் வாய் தெரிந்தது.

"கிஹ்வான் அம்மா, நீ எதையும் பாக்கல. உள்ள போய் சோறு வையி" என்றபடி கணவர் தல்சு மண்ணைத் தள்ளி மூடினார்.

"பாத்துட்டேனே."

"ஊர்ல எல்லாரும் மூடிட்டுத்தான் வீடு கட்டுறான்."

"அவனுங்க மூடினதைத்தான் நான் காலமெல்லாம் தோண்டிட்டிருக்கேன், கிஹ்வான் அப்பா. நாம மூடினதைத் தோண்ட இன்னொருத்தி வரணுமா?"

கிஹ்வான் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "சொன்னா வேலைய நிறுத்திடுவாங்கம்மா. அப்புறம் கட்டவே விடலன்னா? நான் எங்க போவேன்?"

வொல்சொன் குழியில் இறங்கி மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். "சின்னக் கல்லறைடா. இதுக்காக மொத்த முற்றத்தையும் கேக்க மாட்டாங்க. நானே தோண்டித் தரேன்."

"உன்னையா விடுவாங்க?"

"வேற யாரை விடுவாங்க?"

அவரே அகழாய்வுக் குழுவுக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாளே கட்டட வேலை நின்றது. வீட்டுக்காரியே தோண்டலாமா என்று குழுத் தலைவர் தயங்கினார். "எங்க வீட்டுத் தண்ணிக் குழாய் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார் வொல்சொன். தலைவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

செர்ரி பூத்தது, உதிர்ந்தது. வேலையில்லாத கிஹ்வான், அம்மாவுடன் தோண்டும் பெண்களுக்கு மதியம் நூடுல்ஸ் வைத்தான். "தம்பி, இது சூப்பா, ஜாடி கழுவின தண்ணியா?" என்றாள் ஒருத்தி. மறுநாள் கூடுதலாக நெத்திலி போட்டுக் கொதிக்கவைத்தான்.

ஜாடியும் ஒரு ஜோடிக் காதணியும் அருங்காட்சியகம் போயின. கல்லறையின் கற்குவியலை மணலால் மூடினார்கள். ஆழ அஸ்திவாரம் கூடாது, ஒற்றைத் தள மரக்கட்டடம் போடலாம் என்று செப்டம்பரில் அனுமதி வந்தது. மாடி கட்டும் எண்ணத்தைக் கிஹ்வான் கைவிட்டான்; கடையை விடவில்லை.

அவன் முதல் தூணை நிறுத்திய அன்று வொல்சொன் வீட்டில் இல்லை. அடுத்த சந்தில் ஒருவர், தன் கொல்லையில் ஏதோ தட்டுப்படுகிறது என்று தாமாகவே வந்து சொல்லியிருந்தார். வொல்சொன் கரண்டியுடன் அங்கே போயிருந்தார்.