இடக்கையால் எழுதிய அற்புதமேரி டீச்சர்

காலை பிரேயர் முடிந்து பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அற்புதமேரி டீச்சரின் மகள். "அம்மா போயிட்டாங்க சித்தி. தூக்கத்துலயே..." மறுநாள் அடக்கத்தின்போது ஆவூர் தேவாலய வாசலில், டீச்சரிடம் படித்த உங்களில் பலரைப் பார்த்தேன். அன்று பேச நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்னவாசல் பக்கத்தில் எங்கள் தொடக்கப்பள்ளியில் அவரும் நானும் மட்டுமே ஆசிரியர்கள். மூன்றாம் வகுப்பு வரை அவருக்கு. நான்கும் ஐந்தும் எனக்கு. நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பாடம் முழுவதும் என் காதில் விழும்.

எழுதச் சொல்லும்போது எடுத்தவுடன் பென்சிலைத் தொடவிடமாட்டார். "மொதல்ல கை செய்யணும், அப்புறம் வாய் சொல்லணும். எழுத்து தன்னால வரும்" என்பார். ஒருநாள் பிள்ளைகளும் அவரும் எலுமிச்சைச் சாறு கலக்கிக் குடித்தார்கள். எப்படிச் செய்தோம் என்பதை மறுநாள் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் ஆளுக்கொரு வரியாக எழுதி, துண்டுகளாக வெட்டித் தரையில் வரிசையாக வைத்தார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்து, எழுதியபடியே செய்தார். 'பழத்தைப் பிழிய வேண்டும்' என்று ஒரு துண்டில் இருந்தது. முழுப் பழத்தை டம்ளருக்கு மேல் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

"டீச்சர், வெட்டணும்! வெட்டணும்!" என்று வகுப்பே கத்தியது.

"எங்கிட்டு எழுதியிருக்கு? எனக்குத் தெரியலையே."

எழுதச் சொன்னாலே அழுகிற நிவேதா ஓடிப்போய் 'பழத்தை வெட்ட வேண்டும்' என்று எழுதி வந்தாள். இரண்டு துண்டுகளைத் தள்ளிவைத்து அதை நடுவே நுழைத்தாள். "இனிமே இத யாரு படிச்சாலும் சாறு வரும்" என்றார் டீச்சர். தடுப்புக்கு மேலே எட்டி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். திருத்துவது என்றால் சிவப்பு மையால் சுழிப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருக்கையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு மெல்லத் திரும்பியது. வலக்கை திரும்பவில்லை. பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எழுத முடியாத டீச்சர வச்சுக்கிட்டு புள்ளைங்க என்ன பண்ணும்? வேலைய விட்டுடுறேன் மல்லிகா."

"நீங்க வாங்க டீச்சர். போர்டுல நான் எழுதுறேன்" என்றேன்.

வந்தார். ஆனால் என்னை எழுதவிடவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மணல் தட்டில் இடக்கை விரலால் 'அ' போட்டுப் பழகினார். விரல் சொன்னபடி வளையவில்லை. சுழி பாதியிலேயே கலைந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சிறுமி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"கை நோவுதா டீச்சர்? எனக்கும் நோவுச்சு. இங்கிட்டு இருந்து ஆரம்பிங்க" என்று அவர் விரலைப் பிடித்துச் சுற்றினாள்.

டீச்சர் சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் கரும்பலகைக்கு வந்துவிட்டார். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். பிள்ளைகள் தடையில்லாமல் படித்தார்கள். ஓய்வுபெறும் நாள்வரை அந்தக் கையால்தான் எழுதிப்போட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது காத்திருக்கும் பழக்கம். பென்சிலைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நான் அதட்டப் போனால், "விடுங்க. அது எழுதிக்கிட்டுத்தான் இருக்கு" என்று தடுப்பார். நேற்று ஒரு சிறுமி வெகுநேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன். மணியடிக்கும் நேரத்தில் குனிந்து ஒரே ஒரு வரி எழுதினாள்: 'காக்கா வீடு கட்ட எங்க வீட்டுக் கம்பிய தூக்கிட்டுப் போச்சு.'

டீச்சரிடம் சொல்லப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.